ஹிமாச்சல் நம்பர், பூட்டான் வண்டி

போன வருஷம் ஆனி மாசம். ராசிபுரத்திலிருந்து தங்கச்சி வீட்டு மாப்பிள்ளை போன் பண்ணினார். கோழிப்பண்ணை வைத்திருக்கிறவர். எதைப் பேச வந்தாலும் முட்டை விலையில்தான் தொடங்குவார். அன்றைக்கு முட்டையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"மச்சான், வாட்ஸப்புல ஒரு வண்டி போட்டோ அனுப்பியிருக்கறனுங்க, பாருங்க. பிராடோ. 19 லட்சம் சொல்றாங்க."

"பத்தொம்பதா? எந்த ஊர் நம்பருங்க மாப்ள?"

"ஹிமாச்சலுங்க. எம்பசிக்காரர் ஓட்டுன வண்டியாமா. நம்ம ஊருக்கு மாத்திக் குடுக்கறது அவுங்க பொறுப்பாம்."

போட்டோவில் வண்டி பளபளவென்று நின்றது. கறுப்பு நிறம், பக்கவாட்டில் ஏணிப்படி, பெரிய டயர். கொல்லிமலை அடிவாரத்தில் பண்ணை வைத்திருக்கும் ஒரு மனிதருக்கு அப்படி ஒரு வண்டி மேல் ஆசை வருவதில் தப்பே இல்லை. ஹிமாச்சல் நம்பர் என்பதும் அவரை உறுத்தவில்லை. எங்கள் ஊரில் யாரையும் உறுத்தாது.

வெளியூர்க்காரர்களுக்கு இதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் வண்டியில் கர்நாடக நம்பர் இருக்கும். நாமக்கல் ஓனரின் டேங்கரில் என்.எல். 01 இருக்கும், அது நாகாலாந்து, கோஹிமா. ஓனர் வீடு பரமத்தி ரோட்டில், டிரைவர் சேந்தமங்கலம், பாடி கட்டியது வள்ளிபுரம் பக்கத்துப் பட்டறை, நம்பர் மட்டும் எங்கோ மலைநாட்டில். வரி, பர்மிட் கணக்கெல்லாம் பார்த்து எடுக்கிற முடிவு அது. ஓரிடத்தில் பதிவான வண்டி இந்தியா முழுக்கச் செல்லும் என்று மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 46-ஆவது பிரிவே சொல்கிறது. அதனால் டிஎன் 28, டிஎன் 30, டிஎன் 34 மத்தியில் வேறு ஒரு நம்பர் வந்தால் நாங்கள் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டோம். மாநிலம் விட்டு மாநிலம் வந்த வண்டிகளோடு இப்படிப் பழகிப் போனவர்களிடம், நாடு விட்டு நாடு வந்த வண்டியை நுழைப்பது சுலபம். நடந்தது அதுதான்.

நான் நாமக்கல்லில் வண்டி இன்சூரன்ஸ் போடுகிறவன். இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஆர்.சி. புக் கைக்கு வந்தால் என் கண் முதலில் ஓனர் பெயருக்குப் போகாது. இரண்டு இடத்துக்குப் போகும்: தயாரித்த மாதமும் வருஷமும், பதிவு செய்த தேதியும். புது வண்டி வாங்கினவருக்கு இந்த இரண்டுக்கும் நடுவே சில மாதம் இருக்கும். ஷோரூமில் தூங்கின வண்டி என்றால் ஒரு வருஷம் இருக்கலாம். மாப்பிள்ளை அனுப்பின ஆர்.சி.யில் தயாரிப்பு 2011. முதல் பதிவு 2020.

நடுவில் ஒன்பது வருஷம் அந்த வண்டி எங்கே ஓடியது?

"அட்வான்ஸ் ஏதும் குடுத்துட்டீங்களா மாப்ள?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "அம்பதுங்க மச்சான்" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சங்ககிரி பைபாஸில் ஒரு டீக்கடை முன்னால் வண்டியைக் கொண்டுவந்து காட்டினார்கள். கோயமுத்தூர் பக்கமிருந்து இரண்டு பேர் வந்திருந்தார்கள். நானும் மாப்பிள்ளையும் போனோம். அப்பாவும் வருகிறேன் என்று வண்டியில் ஏறிக்கொண்டார். அப்பாவுக்கு 74 வயது. முப்பத்தொரு வருஷம் லாரி ஓட்டினவர். சேலம், ஆத்தூர்ப் பக்கம் ஜவ்வரிசி லோடு ஏற்றினால் கல்கத்தாவில் இறக்குவார். அங்கே திரும்பு லோடு கிடைக்காவிட்டால் சிலிகுரி போவார், அதற்கும் மேலே போவார். அவருக்கு இந்தி எழுத்துக் கூட்டத் தெரியாது. ஆனால் நம்பர் போர்டைப் பார்த்து மாநிலம் சொல்லுவார், மாவட்டமும் பாதிக்குப் பாதி சொல்லுவார்.

வந்தவர்களில் ஒருவர் பானெட்டைத் திறந்து காட்டினார். சேசிஸ் நம்பரை டார்ச் அடித்துப் படித்தேன். எழுத்தும் எண்ணுமாகப் பதினேழு. 'ஜே' என்று தொடங்கியது. முதல் எழுத்து 'ஜே' என்றால் ஜப்பானில் செய்த வண்டி. இந்தியாவில் செய்தது 'எம்' என்று தொடங்கும், மாருதியில் எம்.ஏ.3 என்றும் டாடாவில் எம்.ஏ.டி. என்றும் பார்த்திருப்பீர்கள். அதனால் மட்டும் சந்தேகப்பட முடியாது. பிராடோ இங்கே செய்யப்பட்டதில்லை. டொயோட்டா கம்பெனியே முழு வண்டியாக இறக்கி விற்றதும் உண்டு. ஆனால் அப்படி முறையாக இறங்கின வண்டிக்கு ஷோரூம் இன்வாய்ஸ் இருக்கும், பதிவும் அந்த வருஷமோ அடுத்த வருஷமோ நடந்திருக்கும்.

"எம்பசி வண்டின்னா சுங்கம் கட்டின பேப்பர் இருக்குமே, காட்டுங்க" என்றேன்.

"எம்பசி இல்லைங் சார், அது மாத்திச் சொல்லிட்டாங்க. மிலிட்டரி ஏலத்துல எடுத்தது."

இரண்டு நாளைக்கு முன்னால் தூதரகம், இன்றைக்கு ராணுவம். மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தேன். அவர் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்பா எங்கள் பேச்சில் கலந்துகொள்ளவில்லை. வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். பிறகு முன்கண்ணாடியின் கீழ்மூலையில் விரலை வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். ஏதோ ஒரு ஸ்டிக்கரைச் சுரண்டியிருந்தார்கள், முழுசாகப் போகவில்லை. இரண்டு எழுத்து மீதி இருந்தது. கோடு போட்டுக் கீழே தொங்குகிற மாதிரி எழுத்து.

"இந்தி எழுத்தா இது?"

"இல்லைங்ப்பா."

"இந்தி இல்ல. வங்காளியும் இல்ல. ஜெய்காவ் கேட்டுக்கு அந்தாண்ட கடை போர்டெல்லாம் இந்த எழுத்துலதான் இருக்கும்."

திரும்பி வரும்போது வழி நெடுக அப்பா ஜெய்காவைப் பற்றிப் பேசினார். மேற்கு வங்கத்தின் கடைசி ஊர். சிலிகுரியிலிருந்து தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே மால்பஜார், பீர்பாரா, ஹாசிமாரா என்று போனால் வரும். இந்தப் பக்கம் ஒரே கூட்டமும் ஹாரன் சத்தமும். வண்ணம் தீட்டின ஒரு பெரிய வாசலைத் தாண்டினால் பூட்டான், புன்ட்ஷோலிங். அங்கே சத்தம் அடங்கிவிடும். பூட்டான் தனியார் வண்டிக்கு சிவப்புப் பலகையில் வெள்ளை எழுத்து, பி.பி. என்று தொடங்கும். அந்த வண்டிகள் வங்காளத்துச் சாலையிலும் அசாம் சாலையிலும் சர்வசாதாரணமாக ஓடும். அங்குள்ளவர்கள் மளிகை வாங்க, ஆஸ்பத்திரிக்குப் போக, பூட்டானின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குப் போகக்கூட நம் நாட்டுச் சாலை வழியாக வந்து போகிறவர்கள். இரண்டு நாட்டுக்கும் நடுவே 1972 முதல் வணிக ஒப்பந்தம் இருக்கிறது. எல்லை என்றால் பாகிஸ்தான் எல்லை மாதிரி நினைத்துக்கொள்ளக் கூடாது, திறந்த வாசல்.

இதில் ஒரு விஷயம் எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. பூட்டானுக்குக் கடல் கிடையாது. ஜப்பானிலிருந்து அவர்களுக்கு வருகிற வண்டி பெரும்பாலும் கொல்கத்தாத் துறைமுகத்தில் இறங்கி, நம் மண் வழியாகத்தான் மேலே போக வேண்டும். அது அவர்கள் சரக்கு, கடந்து போகிற சரக்கு. அதனால் நம் சுங்க வரி அதன் மேல் விழாது. அது நியாயமான ஏற்பாடு, நட்பு நாட்டுக்கு நாம் செய்து கொடுத்தது. அந்த வண்டி அங்கே பத்து வருஷம் ஓடுகிறது. சிலது அரசாங்க வண்டி, ஏலத்துக்கு வருகிறது. விலை மலிவு. அதே வண்டி அதே வாசல் வழியாக சிவப்பு போர்டோடு இந்தப் பக்கம் வந்து, எங்கோ ஓரிடத்தில் போர்டைக் கழற்றிவிட்டால், போகும்போதும் வரி இல்லை, வரும்போதும் வரி இல்லை. மாப்பிள்ளைக்குச் சொன்ன 19 லட்சத்தின் மர்மம் அதுதான்.

சரி, பூட்டானில் வாங்கின வண்டியை வரி கட்டியே நேர்மையாக இங்கே பதிவு செய்ய முடியாதா? மாப்பிள்ளை இதைத்தான் அடுத்த ஒரு வாரம் கேட்டுக்கொண்டிருந்தார். "அபராதம் எவ்வளவோ கட்டிட்டு நம்ம பேருக்கு மாத்திக்க முடியாதுங்களா மச்சான்?" நானும் நல்லெண்ணத்தில் தேடிப் பார்த்தேன். சென்னையில் சுங்க முகவராக இருக்கும் நண்பர் ஒருவரிடம் கேட்டேன். பதில் வந்தது: வழி இல்லை.

பழைய வண்டியை இந்தியாவுக்குள் கொண்டுவர வெளிநாட்டு வர்த்தக விதிகள் சில நிபந்தனை வைத்திருக்கின்றன. தயாரித்து மூன்று வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. ஸ்டீயரிங் வலப்பக்கம் இருக்க வேண்டும். இன்னும் ஐந்து வருஷமாவது ஓடத் தகுதி என்று சான்று வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், பழைய வண்டி மும்பைத் துறைமுகம் வழியாக மட்டுமே வரலாம். ஜெய்காவ் கேட் வழியாக ஒரு பழைய காரை இறக்குமதி செய்ய சட்டத்தில் கதவே கிடையாது. புது வண்டி என்றாலோ, எந்த நாட்டில் செய்தார்களோ அந்த நாட்டிலிருந்துதான் வர வேண்டும். பூட்டானில் கார் தொழிற்சாலை இல்லை. இதையெல்லாம் தாண்டி வரி வேறு. பழைய கார் மேல் அடிப்படைச் சுங்க வரி மட்டுமே பல வருஷம் 125 சதவீதம் இருந்தது. 2025 பட்ஜெட்டில் அதைப் பிரித்து வேறு தலைப்புகளில் போட்டார்கள், பாரம் குறையவில்லை. வண்டியின் விலையைவிட வரி அதிகம்.

அப்படியென்றால் 2011 பிராடோ ஒன்று 2020-இல் ஹிமாச்சலில் எப்படி முதல் பதிவு பெற்றது? ஒன்பது வருஷப் பழைய வண்டி இந்தியாவில் முதல் தடவையாகப் பதிவாக உண்மையிலேயே சில வழிகள் உண்டு. ராணுவம் ஏலம் விட்ட வண்டி ஒன்று. கோவை, சேலம் பக்கம் 'மிலிட்டரி டிஸ்போசல்' ஜீப்புக்கும் ஜிப்ஸிக்கும் இருக்கிற மவுசு உங்களுக்குத் தெரியும். மேல்நோக்கிய அம்புக்குறி போட்ட ராணுவ எண்ணைக் கழற்றி, உரிய அதிகாரி கொடுத்த படிவம் 21 விற்பனைச் சான்றோடு போனால், சிவில் நம்பர் கிடைக்கும். விதியே அப்படி இருக்கிறது. தூதரக வண்டி இன்னொன்று. வரி இல்லாமல் கொண்டுவந்து ஓட்டுவார்கள், விற்கும்போது வரியைக் கட்டி முறைப்படி கைமாற்றலாம்.

கடத்தல் வண்டிக்கு உடுப்பு தைக்கிறவர்கள் இந்த இரண்டு வாசலைத்தான் பிடித்தார்கள். எங்களிடம் வந்தவர்கள் முதலில் தூதரகம், பிறகு ராணுவம் என்றது ஏதோ வாய்க்கு வந்ததைச் சொன்னதில்லை. இரண்டுக்கும் காகிதம் தயாராக இருந்திருக்கும்.

ஆவணி முடிந்து புரட்டாசி பிறந்தது. செப்டம்பர் 23, 2025. காலையில் ஒரு ரினீவல் விஷயமாக மோகனூர் போயிருந்தேன். டீக்கடை டிவியில் மலையாளச் செய்தியை வெட்டித் தமிழில் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். கொச்சியில் சுங்கத்துறையின் சோதனை. பெயர் 'ஆபரேஷன் நும்கோர்'. நும்கோர் என்றால் பூட்டானின் ஜோங்கா மொழியில் வாகனம். கேரளம் முழுக்க முப்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் ஒரே நேரத்தில் போயிருந்தார்கள், திரை நட்சத்திரங்களின் வீடுகள் உட்பட. முதல் நாளிலேயே 36 வண்டிகளை எடுத்தார்கள். பூட்டான் வழியாக வந்த இப்படிப்பட்ட வண்டிகள் கேரளத்தில் மட்டும் 150-லிருந்து 200 வரை இருக்கலாம் என்று அதிகாரிகள் சொன்னார்கள். ராணுவம், தூதரகம், வெளியுறவு அமைச்சகம் ஆகியவற்றின் பெயரில் போலி ஆவணம் செய்து, ஹிமாச்சல் போன்ற வெளிமாநிலங்களில் பதிவு வாங்கியிருக்கிறார்கள் என்றும், கோயமுத்தூரை மையமாக வைத்த ஒரு கும்பல் இதற்குப் பின்னால் இருக்கிறது என்றும் சுங்கத்துறையின் தரப்பு. பின்னால் அக்டோபர் 8 அன்று அமலாக்கத்துறையும் கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் சோதனை போட்டது.

அன்றைக்கு மோகனூர்க் கடையில் என் டீ ஆறிப்போனது. மாப்பிள்ளைக்குப் போன் போட்டேன். அவரும் அதே செய்தியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

சங்ககிரியில் நாங்கள் பார்த்த வண்டியும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததா என்று என்னால் சத்தியம் பண்ண முடியாது. எங்களுக்கு அதைக் காட்டினவர்களின் பெயர் எந்தச் செய்தியிலும் வரவில்லை. அட்வான்ஸ் அம்பதாயிரத்தில் இருபதாயிரம் பலமுறை நடந்த பிறகு திரும்ப வந்தது. மீதி வரவில்லை, இனி வராது. நான் அதைவிட நினைத்துக் கலங்குவது வாங்கி முடித்துவிட்டவர்களை. அவர்களில் பலர் ஏமாற்ற நினைத்தவர்கள் இல்லை. பரிவாஹன் செயலியில் நம்பரைப் போட்டுப் பார்த்திருப்பார்கள். பதிவு நடப்பில் உள்ளது, இன்சூரன்ஸ் உண்டு, கடன் இல்லை என்று வந்திருக்கும். இதற்கு மேல் ஒரு சாதாரண மனிதர் என்ன பார்ப்பார்? ஆனால் அந்தச் செயலி, பதிவு அலுவலகத்தில் என்ன ஏற்றினார்களோ அதைத்தான் திருப்பிச் சொல்லும். வண்டி நாட்டுக்குள் எப்படி வந்தது என்று அது சொல்லாது. ஆர்.சி. என்பது வண்டியின் குடும்ப அட்டை மாதிரி. பிறப்புச் சான்று வேறு.

சட்டம் இந்த இடத்தில் கடுமையானது, தெரிந்துகொள்வது நல்லது. சுங்கச் சட்டம் 1962-இன் 111-ஆவது பிரிவின்படி முறைகேடாக உள்ளே வந்த பொருள் பறிமுதலுக்கு உரியது. அது இப்போது யார் கையில் இருக்கிறது, அவர் எத்தனையாவது ஓனர், நல்ல காசு கொடுத்து வாங்கினாரா என்பதெல்லாம் அந்தப் பொருளின் மேல் விழுந்த கறையைத் துடைக்காது. 125-ஆவது பிரிவில் அபராதம் கட்டி மீட்க ஒரு வழி இருக்கிறது. ஆனால் இறக்குமதியே தடை செய்யப்பட்ட பொருளாக இருந்தால் அந்த வாய்ப்பைக் கொடுப்பதும் மறுப்பதும் அதிகாரியின் முடிவு. கொடுத்தாலும் அபராதத்தோடு வரியும் சேரும். இன்னொரு பக்கம், பொய்யான ஆவணத்தின் மேல் வாங்கின பதிவை ரத்து செய்ய மோட்டார் வாகனச் சட்டத்தின் 55-ஆவது பிரிவு அதிகாரம் தருகிறது. வண்டியும் போகும், நம்பரும் போகும். விற்றவனைத் தேடிப் போலீஸ் ஸ்டேஷன் ஏற வேண்டியது வாங்கினவர்தான். கேரளத்தில் வண்டியைப் பறிகொடுத்த நடிகர் ஒருவர் உயர் நீதிமன்றம் வரை போனார். இடைக்காலமாக வண்டியை விடுவிப்பது பற்றி அவர் மனுவைப் பரிசீலிக்கும்படி நீதிமன்றம் சுங்கத்துறைக்குச் சொன்னது. வக்கீல் வைத்துக் கொச்சிக்கு நடக்க அவரால் முடியும். ராசிபுரத்துப் பண்ணைக்காரரால் எத்தனை நாள் முடியும்?

முறையாகக் கொண்டுவந்தவர்களுக்கே பதிவு எளிதாக நடந்ததில்லை என்பதற்கு நம் மாநிலத்திலேயே எல்லோருக்கும் தெரிந்த வழக்கு ஒன்று உண்டு. நடிகர் விஜய் 2012-இல் இங்கிலாந்திலிருந்து ரோல்ஸ் ராய்ஸ் கோஸ்ட் கொண்டுவந்தார். சுங்க வரி கட்டியாகிவிட்டது. பதிவுக்குப் போனபோது மாநிலத்தின் நுழைவு வரியையும் கட்டிய சான்று கேட்டார்கள். தமிழ்நாட்டில் 1990-இல் வந்த சட்டம் அது. உள்ளூர் எல்லைக்குள் நுழைகிற மோட்டார் வாகனத்துக்கு வரி. வெளிநாட்டு வண்டிக்கு ஏற்கெனவே சுங்கம் கட்டியிருக்கும்போது இது எதற்கு என்பது கேள்வி. வழக்கு 2021 ஜூலை வரை இழுத்தது; தனி நீதிபதி மனுவைத் தள்ளி ஒரு லட்சம் ரூபாய் கட்டச் சொன்னார். மேல்முறையீட்டில் அந்த உத்தரவு நிறுத்தி வைக்கப்பட்டது, தீர்ப்பில் இருந்த கடுமையான வாசகங்களும் பின்னால் நீக்கப்பட்டன. இதே கேள்வியைக் கேரளத்தில் வில்லியம் பெர்னாண்டஸ் என்ற பாதிரியார் 1990-களிலேயே எழுப்பியிருந்தார். கேரள உயர் நீதிமன்றத்தில் அவர் பக்கம் தீர்ப்பு வந்தது. 2017 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, இறக்குமதி வண்டிக்கும் மாநிலம் நுழைவு வரி போடலாம் என்று சொல்லிவிட்டது. அந்த வருஷம்தான் ஜி.எஸ்.டி. வந்து நுழைவு வரி என்ற ஒன்றே இல்லாமல் போனது.

இவர்கள் வாதாடியது நுழைவு வரி உண்டா இல்லையா என்பதைப் பற்றி. வண்டி எப்படி வந்தது என்று யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை. அவர்கள் கையில் பில் ஆஃப் என்ட்ரி இருந்தது. துறைமுகத்தில் வண்டி இறங்கின அன்று சுங்கத்துறையில் தாக்கலாகும் கணக்கு அது. இறக்குமதி வண்டியைப் பதிவு செய்யச் சுங்க அனுமதிச் சான்று வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளின் 47-ஆவது விதி சொல்கிறது. ஆகவே யாராவது உங்களிடம் வெளிநாட்டில் செய்த பழைய வண்டியை விற்க வந்தால், ஆர்.சி.யை அப்புறம் பார்க்கலாம். பில் ஆஃப் என்ட்ரியைக் கேளுங்கள். அதில் உள்ள சேசிஸ் நம்பரும் வண்டியில் அடித்திருக்கும் நம்பரும் ஒன்றா என்று பாருங்கள். சுங்கத்துறையின் ஐஸ்கேட் தளத்தில் துறைமுகமும் எண்ணும் தேதியும் போட்டுத் தேடலாம். "அது தொலைஞ்சு போச்சுங்க" என்று ஒருவர் சொன்னால் டீ குடித்த காசைக் கொடுத்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

நேரில் பலர் கேட்கிற இன்னொன்று: இலங்கையில் இருக்கும் சொந்தக்காரர் தன் காரை இங்கே கொண்டுவர முடியுமா? அங்கேயும் வலப்பக்க ஸ்டீயரிங்தான், நம் வீட்டுப் பக்கத்து நாடு அதுதான். 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் விட்டார்கள், ஆனால் அது ஆள் ஏறும் கப்பல். சுற்றுலாவாகக் கொஞ்ச நாள் ஓட்டிவிட்டுத் திரும்ப எடுத்துப் போக 'கார்னே' என்ற ஆவணம் உண்டு. ஆறு மாதத்துக்குள் வண்டி நாட்டை விட்டுப் போய்விட வேண்டும். இங்கே நம்பர் வாங்க முடியாது. வெளிநாட்டில் தொடர்ந்து இரண்டு வருஷமாவது வாழ்ந்துவிட்டு நிரந்தரமாக ஊர் திரும்புகிறவர், அங்கே தன் பெயரில் குறைந்தது ஒரு வருஷம் இருந்த ஒரு காரைக் கொண்டுவரத் தனி ஏற்பாடு இருக்கிறது. அதற்கும் முழு வரி. கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள் பெரும்பாலும் அங்கேயே விற்றுவிட்டு வருகிறார்கள்.

மாப்பிள்ளைக்குப் பெரிய வண்டி ஆசை போகவில்லை. கார்த்திகையில் மைசூரில் ஒரு இன்னோவா அமைந்தது. 2019 வண்டி, ஒரே ஓனர், தயாரிப்பும் பதிவும் ஒரே வருஷம், சேசிஸ் 'எம்' என்று தொடங்குகிறது. ஆர்.சி.யில் பேங்க் கடன் ஏறியிருந்தது. பேங்கில் கடன் முடிந்த கடிதமும் படிவம் 35-உம் வாங்கி எச்.பி. என்கிற அந்தக் கடன் பதிவைக் கழித்து, பிறகு மைசூர் ஆர்.டி.ஓ.வில் படிவம் 28 போட்டு என்.ஓ.சி. வாங்க ஒன்றரை மாதம் ஆனது. திருட்டு வண்டி இல்லை என்று குற்ற ஆவணத்திலும் சரிபார்த்தார்கள். ஒரு மாநில எல்லையைத் தாண்டவே வண்டிக்கு இத்தனை கையெழுத்து. சங்ககிரியில் அந்த இரண்டு பேர் ஒரு நாட்டு எல்லையைத் தாண்டின வண்டிக்கு ஒரே ஒரு ஸ்மார்ட் கார்டை நீட்டினார்கள்.

ஒரு தவறான நம்பிக்கையையும் சொல்லிவிடுகிறேன். வெளிமாநில வண்டியைப் பன்னிரண்டு மாதம் அப்படியே ஓட்டலாம், எதுவும் கட்ட வேண்டாம் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-ஆவது பிரிவு சொல்கிற பன்னிரண்டு மாதம் நம்பர் மாற்றுவதற்கான கெடு. வரி மாநிலத்தின் விஷயம், அது வேறு சட்டம். இங்கே புதுக் காருக்கு லைஃப் டாக்ஸ் 2023 நவம்பரிலிருந்து விலையைப் பொறுத்து 12 சதவீதத்தில் தொடங்கி 20 லட்சத்துக்கு மேல் 20 சதவீதம் வரை போகிறது. பழைய வண்டிக்கு வயதைப் பார்த்துக் குறையும். கர்நாடகத்தில் முதல் ஓனர் கட்டின லைஃப் டாக்ஸில் மீதி வருஷத்துக்கானதை, இங்கே புது நம்பர் வாங்கின பிறகு அங்கே விண்ணப்பித்துத் திரும்ப வாங்கலாம். பலர் அந்தக் காசை மறந்தே போகிறார்கள். மாப்பிள்ளையை மறக்க விடமாட்டேன்.

வண்டி தை பிறந்ததும் வந்து சேர்ந்தது. தொப்பூர் கணவாயில் இறங்கும்போது மாப்பிள்ளை ஸ்டீயரிங்கை என்னிடம் கொடுக்கவே இல்லை. அப்பா முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டு கியரைக் குறை, பிரேக்கில் கால் வைக்காதே என்று சொல்லிக்கொண்டே வந்தார். படிவம் 27, 29, 30 எல்லாம் போட்டாகிவிட்டது. லைஃப் டாக்ஸ் கட்டியாகிவிட்டது. சேசிஸ் நம்பர் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரிண்ட் எடுத்தது அப்பாதான். கை நடுங்குகிறது என்பதால் இரண்டு தாள் வீணாகி மூன்றாவதில் பதினேழும் தெளிவாக விழுந்தன.

வருகிற புதன்கிழமை பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டியைப் பார்க்கிறார். அப்பா வேட்டியை இஸ்திரிக்குக் கொடுத்திருக்கிறார்.